பெட்ரோல் பங்க்கும் கடைப் பிளக்கும்: மின்சார வண்டி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு



நம் மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள், சிட்டை போட்டு முடித்ததும் இப்போது தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "முதலாளி, கரண்டு வண்டி வாங்கலாமா? வாங்கினால் சார்ஜ் போட பங்க் எங்கே இருக்கிறது?" என்பதே அது. முன்பெல்லாம் மிளகாய் விலை ஏறுமா, துவரம்பருப்பு இறங்குமா என்று கேட்டவர்கள் இவர்கள். இன்று வாசலில் நிற்கும் லோடு ஆட்டோவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால், சரக்கில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கை வண்டிச் செலவு தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

கேட்பவர்களின் கவலை நியாயமானதே. வாடிக்கையாளர் வீட்டுக்கே சரக்கு கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வியாபாரம் நிற்கும் என்ற நிலை வந்துவிட்டது. செல்போனில் ஆர்டர் எடுக்கும் பெரிய கம்பெனிகளோடு போட்டி. ஒரு மூட்டை அரிசிக்கு நாற்பது ஐம்பது ரூபாய் நிற்கிற இடத்தில், அதைக் கொண்டுபோய் இறக்க இருபது ரூபாய் எண்ணெய் செலவானால் மிச்சம் என்ன? அதற்காக அவசரப்பட்டுப் பல லட்சம் கடன் வாங்கி, கணக்குத் தப்பாகிப்போனால், வட்டி கட்டவே கடை நடத்த வேண்டியதாகிவிடும். ஆகவே, இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துப் பார்ப்போம் என்று இதை எழுதுகிறோம்.

பங்க் எப்படி வந்தது?

உலகத்தில் முதன்முதலில் வழிப் பயணத்துக்கு எண்ணெய் விற்றது பங்க் அல்ல, ஒரு கடைதான் என்றால் நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1888ஆம் வருடம் ஜெர்மனியில், மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், அந்த வண்டியை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் எண்ணெய் தீர்ந்தபோது, வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் கறை நீக்குவதற்காக வைத்திருந்த பெட்ரோலிய திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு போனார். பின்னாளில் தகர டின்களில் கடைக்குக் கடை விற்று, அதன் பிறகே பூமிக்கடியில் தொட்டி வைத்து, கைப்பம்பு வைத்து, இன்று நாம் காணும் பங்க் உருவானது.

நம் நாட்டில் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் நடத்தியவை 1970களில் அரசுடைமையாகி, இன்றைய பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகின. நம் திருச்சிக்குச் சென்னையிலிருந்து குழாய்வழியே எண்ணெய் வருகிறது. அது மதுரை வரை நீள்கிறது. வந்த எண்ணெயை டேங்கர் லாரியில் ஏற்றி ஒவ்வொரு பங்க்குக்கும் கொண்டுபோகிறார்கள். பங்க் வைக்க மாவட்ட ஆட்சியரின் தடையில்லாச் சான்று வேண்டும், வெடிபொருள் துறையின் உரிமம் வேண்டும், டேங்கர் வந்து திரும்ப அகலமான மனை வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டோடும் நாடு முழுவதும் பங்க்குகளின் எண்ணிக்கை 2025 இறுதியில் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. நூறாண்டுக் காலத்து உழைப்பு இது.

பொதுச் சார்ஜிங் நிலையங்கள் நாடு முழுவதற்கும் 2024 பிப்ரவரியில் 12,146 இருந்ததாக மத்திய அரசு கணக்குச் சொன்னது. அடுத்த ஒன்றரை வருடத்தில் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வேகமான வளர்ச்சிதான். இருந்தாலும் பங்க்கோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு. "பார்த்தீர்களா, அதனால்தான் வேண்டாம் என்கிறோம்" என்று சில அன்பர்கள் இந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

வண்டி எங்கே தூங்குகிறது?

பெட்ரோலும் டீசலும் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். கடையில் வாங்கிச் சேர்த்து வைக்கக் கூடாது. சட்டத்திலும் கட்டுப்பாடு உண்டு, தீக்குப் பயந்து நாமும் வைக்க மாட்டோம். மின்சாரமோ ஏற்கெனவே நம் கடைச் சுவர் வரை வந்து நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ மதிலுக்குள் பெட்ரோல் பங்க் வைக்க முடியுமா? ஆனால் அந்த வீதிகளில் உள்ள ஒவ்வொரு மளிகைக் கடையிலும் மாவு மில்லிலும் மின்சாரம் இருக்கிறது.

ஆகவே "சார்ஜ் போட பங்க் எங்கே?" என்று கேட்பதற்கு முன், "நம் வண்டி இரவில் எங்கே தூங்குகிறது? பகலில் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது?" என்று கேட்க வேண்டும். காந்தி மார்க்கெட்டிலும் பெரிய கடை வீதியிலும் ஓடும் லோடு வண்டிகளை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். விடியற்காலையில் ஓட்டம்; பதினொரு மணிக்கு மேல் நிழலில் நிற்கும்; மாலையில் ஒரு நடை; இரவு ஒன்பது மணிக்குக் கடை வாசலில் அல்லது வீட்டு வாசலில் நின்றுவிடும். இருபத்து நான்கு மணி நேரத்தில் சக்கரம் சுற்றுவது நாலைந்து மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் சார்ஜ் போடக் கிடைக்கும் நேரம்.

அரசாங்கமும் இதே வழியில்தான் போகிறது. சென்னையில் 2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓட விட்டது. பேருந்து வழியில் சார்ஜுக்கு இடம் தேடி அலைவதில்லை. பணிமனையிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது. நம் கடைதான் நம் வண்டிக்குப் பணிமனை.

நேரக் கணக்கு

பங்க்கின் பலம் வேகம். ஒரு லிட்டர் டீசலில் உள்ள சக்தி ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். குழாயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இறங்கினால், ஒரு நிமிடத்தில் 300 யூனிட் சக்தி வண்டிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். எந்தச் சார்ஜரும் இதற்கு ஈடாகாது. ஆனால் அந்தச் சக்தியில் பெரும் பங்கு என்ஜின் சூடாகவும் புகையாகவும் வீணாகி, கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மின்சார மோட்டாரில் பெரும்பகுதி சக்கரத்துக்கே போகும். அதனால்தான் குறைந்த சக்தியில் அதே தூரம் ஓடுகிறது.

சார்ஜர்கள் மூன்று தரம் என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். முதலாவது, கிரைண்டருக்கும் ஏ.சி.க்கும் போடுகிற 15 ஆம்பியர் பிளக். இதில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். இரண்டாவது, சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர். மணிக்கு 7 யூனிட். மூன்றாவது, நெடுஞ்சாலையிலும் பங்க் ஓரத்திலும் வைக்கிற டி.சி. வேகச் சார்ஜர், 30 கிலோவாட், 60 கிலோவாட் என்று உண்டு. இதில் கூட எண்பது சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்துவிடும். பேட்டரியைக் காப்பாற்ற அப்படிச் செய்திருக்கிறார்கள். மூன்று சக்கர வண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் இந்த வேகச் சார்ஜரின் பிளக் பெரும்பாலும் பொருந்தாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்முடைய தேவை என்ன? டாட்டா ஏஸ் வகை வண்டியை, அதாவது நாம் குட்டியானை என்று சொல்கிறோமே அதை, எடுத்துக்கொள்வோம். 2022இல் அறிமுகமான அதன் மின்சார வகையில் பேட்டரி 21.3 யூனிட் கொள்ளும். லோடோடு ஓடும்போது கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தால், 50 கிலோமீட்டர் ஓடிய செலவை ஈடுகட்ட 12 யூனிட் வேண்டும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் நாலு மணி நேரம். இரவு பத்து மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். மார்க்கெட்டுக்குப் புறப்படும் நேரத்தில் வண்டி தயாராக இருக்கும். வேகச் சார்ஜர் இங்கே தேவையே இல்லை.

ரூபாய்க் கணக்கு

கணக்குக்காக டீசல் லிட்டர் ரூ.93, பெட்ரோல் ரூ.100 என்று வைப்போம். கடை இணைப்பில் நூறு யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட் பத்து ரூபாயைத் தாண்டுகிறது, ரூ.11 என்று தாராளமாகவே வைப்போம். வெளிச் சார்ஜிங் நிலையத்தில் வரி உட்பட ரூ.20 என்று வைப்போம். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

குட்டியானை, ஒரு நாளைக்கு 50 கி.மீ.:

டீசலில், லிட்டருக்கு 16 கி.மீ. கிடைத்தால் செலவு ரூ.290.
மின்சாரத்தில், கடைப் பிளக்கில் 12 யூனிட் போட்டால் ரூ.132.
அதே 12 யூனிட்டை வெளி நிலையத்தில் போட்டால் ரூ.240.

மாதம் 25 நாள் ஓட்டத்துக்குக் கடைப் பிளக்கில் மிச்சம் ரூ.3,950. வெளி நிலையத்தையே நம்பினால் மிச்சம் ரூ.1,250 மட்டும். இதிலிருந்து முதல் பாடம்: லாபம் நம் சுவரில் உள்ள பிளக்கில் இருக்கிறது; வெளியில் உள்ள நிலையத்தில் இல்லை. சொந்தமாகச் சார்ஜ் போட இடம் இல்லாதவருக்கு இந்த வண்டி இப்போதைக்குப் பொருந்தாது.

இரண்டாவது பாடத்தைக் கம்பெனி விற்பனையாளர்கள் சொல்ல மாட்டார்கள். மின்சாரக் குட்டியானைக்கும் டீசல் குட்டியானைக்கும் விலை வித்தியாசம் நாலு லட்சம் என்று வைத்தால், மாதம் ரூ.3,950 மிச்சத்தில் அதை எடுக்க எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். வட்டியைச் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். அதே வண்டி நாளொன்றுக்கு 90 கி.மீ. ஓடினால் மிச்சம் மாதம் ரூ.7,000க்கு மேல், ஐந்து வருடத்துக்குள் வித்தியாசம் வந்துவிடும். குறைவாக ஓடும் வண்டிக்கு மின்சாரம் நஷ்டம், நிறைய ஓடும் வண்டிக்கு லாபம். பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று சக்கர லோடு ஆட்டோவில் கணக்கு சுலபம். 50 கி.மீ. ஓட டீசல் ஆட்டோவுக்கு, லிட்டருக்கு 30 கி.மீ. என்றால், ரூ.155. மின்சார ஆட்டோவுக்கு ஐந்தரை யூனிட், ரூ.60. மாதம் ஏறத்தாழ ரூ.2,375 மிச்சம். விலை வித்தியாசம் ஒரு லட்சம் என்றால் மூன்றரை வருடத்தில் நேராகிவிடும்.

இரு சக்கர வண்டியில்தான் சிறு மளிகைக் கடைக்காரருக்கு உடனடிப் பயன். எக்ஸெல் வண்டியில் பின்னால் மூட்டை வைத்துக்கொண்டு நாளைக்கு 30 கி.மீ. சுற்றினால், லிட்டருக்கு 50 கி.மீ. என்றாலும் ரூ.60. மின்சார ஸ்கூட்டரில் ரூ.15க்குள் முடியும். ஆனால் மூட்டை ஏற்றும் உறுதி அந்த வண்டிக்கு உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். அலுவலகம் போகிறவருக்குச் செய்த ஸ்கூட்டரில் ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டையை வைத்தால் வண்டியும் தாங்காது, ஓட்டுகிறவருக்கும் ஆபத்து.

வரியையும் கவனியுங்கள். மின்சார வண்டிகளுக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். டீசல் சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்; தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால், அவற்றுக்குக் கொடுக்கும் வரியில் ஒரு பைசா கூடத் திரும்ப வராது.

பாலம் அடைத்தபோது கற்ற பாடம்

இவ்வளவும் படித்துவிட்டு, "நாம் ஓடுவது தினம் 50 கி.மீ.தானே, அதற்குத் தக்க சிறிய பேட்டரி போதும்" என்று அளந்து வாங்கிவிடக் கூடாது. 2022 நவம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க முழுமையாக அடைத்தார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தது. அந்த நாட்களில் எங்கள் மண்டியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் போகும் வண்டிகள் சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றிப் போயின. நேரே போனால் ஏழு கிலோமீட்டருக்குள் முடிகிற இடம். சுற்றும் நெரிசலுமாக ஒரு நடை சரக்குக்கு இரண்டு நடை எண்ணெய் செலவானது. மூன்று நடை போன வண்டி இரண்டு நடையோடு திரும்பியது. வாடிக்கையாளரிடம் அதை வாங்க முடியுமா? நாங்கள்தான் ஏற்றுக்கொண்டோம்.

டீசல் வண்டியானால் வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தி ஐந்து லிட்டர் போட்டுக்கொண்டு போகலாம். பேட்டரி வண்டியில் அது முடியாது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் வழிகளை மாற்றிவிடும்போதும் இதே நிலைதான். ஆகவே நம் சாதாரண ஓட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஒரே சார்ஜில் ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும். கம்பெனி விளம்பரத்தில் போடும் தூரம் சோதனைச் சாலையில் எடுத்தது; லோடு, மேம்பாலம், சித்திரை வெயில் எல்லாம் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்கும் லால்குடிக்கும் போய் வர மின்சார வண்டி தாராளம். மணப்பாறை, துறையூர் என்றால் ஒரு நடை போய் வரலாம், இரண்டாவது நடைக்கு யோசிக்க வேண்டும். திண்டுக்கல், விருதுநகர், ஈரோடு லைன்களுக்கு இன்றைக்கு டீசல் வண்டியும் லாரி சர்வீஸும்தான் சரி. இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எல்லாச் சரக்கையும் ஒரே படியால் அளக்க முடியாது.

வெளிச் சார்ஜிங் நிலையங்களின் நிலை

தமிழ்நாடு அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையில் மின்வாகன நகரங்களாக வளர்க்கத் தேர்ந்தெடுத்த ஆறு ஊர்களில் நம் திருச்சியும் ஒன்று. நகரங்களில் 3 கி.மீ. சதுரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒன்று என்பது மத்திய அரசு 2022இல் வைத்த இலக்கு. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், 2024இல், சார்ஜிங் நிலையங்களுக்கென்று ரூ.2,000 கோடி ஒதுக்கினார்கள். அதற்கு முன் 2023இலேயே எண்ணெய்க் கம்பெனிகளின் பங்க்குகளில் 7,432 வேகச் சார்ஜர் வைக்க ரூ.800 கோடி அனுமதித்தார்கள். ஆக, பங்க்கும் சார்ஜரும் எதிரிகளாக இல்லாமல் ஒரே மனையில் வரப்போகின்றன.

ஆனால் எண்ணிக்கை வேறு, உபயோகம் வேறு. நாங்கள் குடும்பத்தோடு மின்சாரக் காரில் சென்னை போனபோது, விழுப்புரம் பக்கத்தில் நம்பிப் போன ஒரு நிலையத்தில் சார்ஜர் வேலை செய்யவில்லை. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. அடுத்த நிலையத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். நம் பணம் நாலு இடத்தில் இருநூறு இருநூறாகத் தூங்குகிறது. பங்க்கில் ரூபாயை நீட்டினால் எண்ணெய் போடுகிறார்கள். சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையைக் கொண்டுவரச் சொல்லி முத்திரை பார்த்து அளக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. சார்ஜிங் நிலையங்கள் இந்த ஒழுங்குக்கு இன்னும் வர வேண்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் 2017இல் திறந்த வணிக வளாகத்தை நாம் மறந்துவிடவில்லை. கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. வியாபாரமும் வண்டியும் ஊருக்குள் இருந்தன. சார்ஜிங் நிலையமும் அப்படித்தான். லோடு வண்டிகள் நிற்கும் இடத்தில் வைத்தால் ஓடும். இடம் சும்மா கிடைத்தது என்று ஊருக்கு வெளியே வைத்தால் துரு ஏறும்.

கடையில் சார்ஜர் வைத்து விற்கலாமா?

சில அன்பர்கள் இதையும் கேட்கிறார்கள். சட்டம் தடுக்கவில்லை. சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை ஆகாது, சேவைதான். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று 2018 ஏப்ரலில் மத்திய மின்சார அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. நம் சொந்த வண்டிக்கு நம் இணைப்பிலேயே போட்டுக்கொள்ளலாம். பணம் வாங்கிப் பிறருக்குப் போடுவதானால் அதற்கென உள்ள தனிக் கட்டண வகையில் இணைப்பு வாங்க வேண்டும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை ஒரு தனி வியாபாரமாக எண்ணிப் பார்த்தால் பங்க்கோடு போட்டி போட முடியாது. பங்க்கில் ஒரு கார் ஐந்து நிமிடத்தில் 30 லிட்டர் போட்டுக்கொண்டு ரூ.3,000 கொடுத்துவிட்டுப் போகிறது. 30 கிலோவாட் சார்ஜரில் ஒரு கார் ஒரு மணி நேரம் நின்று, 25 யூனிட் ஏற்றி, ரூ.500 கொடுக்கிறது. அந்த ரூ.500இல் மின்கட்டணமும் வரியும் போனால் மிச்சம் சொற்பம். ஆகவே சார்ஜர் முதலைச் சார்ஜரில் எடுக்க நினைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் நம் வாசலில் நிற்கும் வாடிக்கையாளரிடம் நாம் என்ன விற்கிறோம் என்பதே கேள்வி. சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வரும் வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகிற இடத்தில், பலசரக்கும் தின்பண்டமும் விற்கும் பெரிய கடைக்கு இது பொருந்தலாம். சந்துக்குள் இருக்கும் கடைக்குப் பொருந்தாது.

தீ விஷயத்தில் சோம்பல் கூடாது

2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார இரு சக்கர வண்டி தீப்பற்றி, புகை மூட்டத்தில் ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அதன் பிறகு பேட்டரிச் சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. ஆனால் விதி வண்டிக்குத்தான். நம் கடை வயரிங்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலும் பெரிய கடை வீதியிலும் பல கடைகள் பழைய கட்டடங்கள், மரத் தூண், குறுகிய நடை. அங்கே மிக்ஸிக்குப் போட்ட வயரில் வண்டியைச் சொருகிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, அதற்குத் தனி எம்.சி.பி.யும் கசிவு மின்சாரம் நிறுத்தும் கருவியும் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சாக்கு மூட்டை, எண்ணெய் டின், சூடம், தீப்பெட்டிப் பண்டல் இவற்றின் பக்கத்தில் சார்ஜ் போடக் கூடாது. வெளியே போகும் வழியை அடைத்து வண்டியை நிறுத்தக் கூடாது. கடைக்குத் தீக் காப்பீடு வைத்திருப்பவர்கள், வளாகத்தில் வண்டி சார்ஜ் போடுவதைக் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. பின்னால் கிளெய்ம் கேட்கும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாளைப் பத்திரிகையில் பார்த்து, முந்தின இரவே முழுச் சார்ஜ் போட்டுக்கொள்ளவும்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. நம் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறது? உத்தேசமாகச் சொல்லக் கூடாது. ஒரு நோட்டுப் போட்டு, காலை மாலை மீட்டரைக் குறித்து, ஒரு மாதக் கணக்கு எடுக்க வேண்டும்.

2. இரவில் நிற்கும் இடத்தில் நம் சொந்த மீட்டரிலிருந்து பிளக் கொடுக்க முடியுமா? வாடகைக் கடையானால் கட்டட உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் உண்டா?

3. இப்போதுள்ள மின்சுமை அனுமதி போதுமா? ஃப்ரீசரும் மாவு மெஷினும் உள்ள கடையில் கூடுதல் கிலோவாட்டுக்கு மனுப் போட வேண்டியிருக்கும்.

4. பேட்டரிக்கு எத்தனை வருடம், எத்தனை கி.மீ. உத்தரவாதம்? எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? வாய்ப் பேச்சு போதாது, எழுத்தில் வேண்டும்.

5. பழுதானால் பார்க்கத் திருச்சியிலேயே சர்வீஸ் உண்டா? டீசல் வண்டியை அரியமங்கலத்தில் எந்த மெக்கானிக்கும் பிரித்துவிடுவார். இதற்கு இன்னும் அப்படி இல்லை.

இந்த ஐந்துக்கும் திருப்தியான பதில் இருந்தால் துணிந்து வாங்கலாம். மூன்றுக்கு மட்டும் இருந்தால் முதலில் ஒரு இரு சக்கர வண்டி வாங்கி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் சரியில்லை என்றால் பழைய வண்டியையே நல்லபடியாக சர்வீஸ் செய்து ஓட்டுவது லாபம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொன்னது.

எங்கள் மண்டியில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஊருக்குள் ஓடும் இரண்டு லோடு ஆட்டோவில் பழையதை மாற்றி ஒன்று மின்சாரம் வாங்கியிருக்கிறோம். நாள் ஓட்டம் 55, 60 கி.மீ. வருகிறது, நோட்டுக் கணக்கு ஒத்துப்போகிறது. குட்டியானை டீசலிலேயே இருக்கிறது. அதன் ஓட்டம் தினம் 40 கி.மீ.க்குள்தான், மாற்றினால் கட்டாது. வெளியூர் லோடு வழக்கம்போல லாரி சர்வீஸில் வருகிறது.

சொந்தப் பிளக் இல்லாத சிறு வியாபாரிகளும் வாடகை வண்டிக்காரர்களும்தான் இந்த மாற்றத்தில் பின்தங்கிவிடும் அபாயம் உள்ளவர்கள். யூனிட் பதினொரு ரூபாய்க்குப் போடுகிறவரும் இருபது ரூபாய்க்குப் போடுகிறவரும் ஒரே வீதியில் ஒரே விலைக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. பகல் 9 மணி முதல் 4 மணி வரை, சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில், சார்ஜிங் நிலையங்களுக்கு மின்சாரத்தைக் குறைந்த கட்டணத்தில் தரும்படி மத்திய அரசின் 2024ஆம் வருட நெறிமுறை சொல்கிறது. நம் லோடு வண்டிகள் சும்மா நிற்கும் நேரமும் அதுவே. ஆகவே காந்தி மார்க்கெட் பகுதியில் லோடு வண்டிகள் நிற்கும் இடத்திலேயே, மூன்று சக்கர வண்டிக்கும் பொருந்தும் சாதாரணச் சார்ஜர்கள் பத்தாவது வைக்க வேண்டும் என்று மாநகராட்சியையும் மின்வாரியத்தையும் நாம் சங்கத்தின் மூலமாகக் கேட்க வேண்டும். விலை உயர்ந்த வேகச் சார்ஜர் ஒன்றைவிட, மெதுவாக ஏறும் பத்துப் பிளக் நமக்கு உபயோகம்.

கேட்கும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வண்டியின் ஒரு மாத ஓட்டத்தையும், வண்டி நிற்கும் இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், அந்தத் தாள்களையே மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம். நாளைக் காலையே மீட்டரைக் குறிக்கத் தொடங்குங்கள்.